அலை பாடும் ஊர்: தரங்கம்பாடி

(சிவில் பிரிவு, இறுதியாண்டு மாணவர் ஒருவர்)



நோட்டீஸ் போர்டில் 'டூர்' என்று இரண்டு எழுத்து விழுந்துவிட்டால் போதும், நம்ம பசங்க வாயிலிருந்து வருகிற பெயர்கள் மூன்றுதான்: ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர். தஞ்சாவூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், போகவர ஒரே நாள் போதும் என்கிற தூரத்தில், கோட்டையும் கடலும் பழைய தெருக்களுமாக ஒரு குட்டி ஊர் இருப்பதை யாரும் நினைப்பதில்லை. அதுதான் தரங்கம்பாடி.

'தரங்கம்' என்றால் அலை. அலை பாடுகிற ஊர் என்று பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த அலை பாட்டு மட்டும் பாடவில்லை, ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டும் இருக்கிறது. அங்கே என்னென்ன பார்க்கலாம் என்பதையும், அவையெல்லாம் இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பது எதைப் பொறுத்தது என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

போகும் வழி

கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போக வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர் தாண்டினால் தரங்கம்பாடி. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் பார்க்க நம்மில் பாதிப் பேர் குடும்பத்தோடு போயிருப்போம். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் தாத்தா பாட்டிக்கு ஆசீர்வாதம் வாங்கி, சாப்பிட்டு, அப்படியே திரும்பி விடுகிறோம்! முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

மிளகு தேடி வந்தவர்கள்

போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நால்வரைப் பற்றியும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர்களைத் தவிர வந்த இன்னொரு கூட்டம் டென்மார்க்குக்காரர்கள். 1616 இல் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் காலத்தில் அங்கே ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். மிளகு வியாபாரத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்ற ஆசைதான் காரணம். 1618 இல் கப்பல்கள் கிளம்பின. தலைமை தாங்கி வந்தவர் ஓவே ஜெட்டே. அவர் தஞ்சாவூரின் இரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் உடன்படிக்கை செய்தபோது அவருக்கு வயது 25 தான்!

ஆண்டுக்கு ரூ. 3,111 வாடகை. கடலோரத்தில் கோட்டை கட்டிக்கொள்ளவும் வியாபாரம் செய்யவும் அனுமதி. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நம்ம தஞ்சாவூர் அரண்மனைக்கும் வடகடல் நாட்டுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருந்திருக்கிறது என்றால் ஆச்சரியம்தானே?

அப்படி எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. அதன் கதையில் என்னை மிகவும் கவர்ந்தவர் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை, ஒரு சாதாரணச் சிப்பாய். பெயர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே. டென்மார்க்கில் யுத்தம், கம்பெனிக்கு நஷ்டம் என்று பல்லாண்டுகள் அங்கிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தும் ஓடியும் போக, 1655 இல் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் இவர்தான். ஊர்க்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கோட்டையை விடாமல் பிடித்துக்கொண்டார். 1669 இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்து பார்த்தபோது கொடி பறந்துகொண்டுதான் இருந்தது. பராமரிக்க ஒரு ஆள் இருந்தால் கோட்டை நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

என்னென்ன பார்க்கலாம்?

முதலில் ஊர் வாசல். 1792 இல் கட்டிய வாசல் இது. மேலே டேனிஷ் அரச முத்திரை இருக்கும். இதற்குள் நுழைந்து ராஜா வீதி வழியாக நேரே நடந்தால் கடல் வந்துவிடும். அவ்வளவு சின்ன ஊர்.

வழியில் இரண்டு தேவாலயங்கள். 1701 இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சீயோன் ஆலயம், இந்தியாவின் மிகப் பழைய புராட்டஸ்டண்டு ஆலயங்களில் ஒன்று. 1718 இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இன்னொன்று. இதைக் கட்டிய சீகன்பால்க் அடுத்த வருடமே, 36 வயதில், இறந்து இந்த ஆலயத்திலேயே அடக்கமானார்.

சாலை முடிகிற இடத்தில் கோட்டை. கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள். கிடங்கு, சமையல், சிறை எல்லாம் அங்கேதான். மேல்தளத்தில் கவர்னரும் அதிகாரிகளும் இருந்தார்கள். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல், செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் வைத்து அந்த வளைவுகள் நிற்பதை சிவில் மாணவர்கள் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்கலாம்! நம் நாடு சுதந்திரம் பெற்ற பின்பு பல வருடம் இது பயணியர் விடுதியாக இருந்தது. 1970-களின் கடைசியில் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்து மியூசியம் ஆக்கியது. பீங்கான், நாணயம், பழைய ஆவணம், ஈட்டி, திமிங்கிலத்தின் எலும்பு என்று கலந்துகட்டி வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாள் எது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

கோட்டைக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. டேனிஷ்காரர் வருவதற்கு 300 வருடம் முந்தியது. இந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியதைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டி, பின்னால் திருப்பணியும் செய்தார்கள். கோயிலைப் பார்க்கும்போது, எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் பாருங்கள்.

மணலில் எழுதிய எழுத்து

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு சங்கதி. பர்த்தலோமேயு சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1706 ஜூலை 9 இல் இங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்க், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதித் தமிழ் படித்தார். கோட்டை அதிகாரியோடு தகராறு வந்து நான்கு மாதம் அதே கோட்டையில் சிறையிலும் இருந்தார்.

1713 இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. ஆனால் எழுத்து ரொம்பப் பெரிசு! அந்த அளவில் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. என்ன செய்தார்கள்? கையிலிருந்த ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715 இல் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். அந்த வருடம் தமிழில் புதிய ஏற்பாடு முழுசாக அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அதுவே முதல். எழுத்து வார்ப்பு, காகிதம், அச்சு மூன்றும் ஒரே வட்டாரத்தில் நடந்திருக்கின்றன. இந்த மலரை அச்சில் படிக்கிற நாம் அந்தப் பட்டறையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

இங்கே 1750 இல் வந்த சுவார்ட்ஸ் பாதிரியார்தான் பின்பு தஞ்சாவூருக்கு வந்து இரண்டாம் சரபோஜி மன்னருக்குப் பாதுகாவலர்போல இருந்தவர். சரபோஜி அவர் நினைவாக வைத்த சலவைக்கல் சிற்பம் தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஆலயத்தில் இருக்கிறது.

'ஓசோன் காற்று' உண்மையா?

தரங்கம்பாடி என்றாலே 'இங்கே ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது' என்று ஒரு பேச்சு உண்டு. 1800-களில் இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் ஆள் பிடித்தன! ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணு சேர்ந்த வாயு. வானத்தில் உயரத்தில் இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும். தரைமட்டத்தில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்கரையில் நாம் முகர்கிற அந்த வாசனைக்குப் பெரும்பங்கு காரணம் டைமெதில் சல்பைடு என்ற வேறொரு வாயு. கடலில் உள்ள நுண்பாசிகளிலிருந்து அது உண்டாகிறது. ஆகவே காற்று வாங்கப் போங்கள், தாராளமாகப் போங்கள். மனசுக்கு நல்லதுதான். ஓசோனுக்காகப் போக வேண்டாம்.

ஊர் ஏன் தூங்கிப் போனது?

இங்கிலாந்து என்றதும் ஒரு ஒப்பீடு செய்யத் தோன்றுகிறது. டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்த அதே 1620-களில் அந்த நாட்டில் ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில் ஒரு ஊற்றைக் கண்டுபிடித்து, 'இந்தத் தண்ணீர் நோய் தீர்க்கும்' என்று கூட்டம் சேர்ந்தது. பின்பு கடலில் குளிப்பதே வைத்தியம் என்றானது. 1841 இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்த பிறகு சாதாரணத் தொழிலாளியும் காலையில் போய் கடல் பார்த்து ராத்திரி வீடு திரும்ப முடிந்தது. ஊருக்கு ஊர் கடலுக்குள் நீளமாக நடைபாலம் கட்டினார்கள். சவுத்எண்ட் என்ற ஊரின் பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம்! ஆக அங்கே ஊரை வளர்த்தது கடல் மட்டுமல்ல, ரயில்.

நம்ம ஊர் கதை நேர் எதிர். 1845 இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் உள்ள சேராம்பூரையும் சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சை மாவட்டத்துக்கே இதுதான் தலைநகர். 1860 இல் அது தஞ்சாவூருக்குப் போய்விட்டது. 1861 இல் தஞ்சாவூரிலிருந்து ரயில் போனது நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு. சரக்கும் கப்பலும் ரயிலின் பின்னாலேயே போய்விட்டன. தரங்கம்பாடி தூங்கிப் போனது.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் வந்ததே 1926 இல்தான். அந்த மீட்டர்கேஜ் பாதையும் 1986 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். ஊர் தூங்கியதால்தான் பழைய வீடும் தெருவும் இடிபடாமல் தப்பின. வளர்ந்த ஊராக இருந்திருந்தால் எல்லாம் அடுக்குமாடி ஆகியிருக்கும்! 2000-க்குப் பிறகு டேனிஷ் சங்கங்களும் 'இன்டாக்' அமைப்பும் தொல்லியல் துறையும் சேர்ந்து கோட்டை, கவர்னர் பங்களா, சில தெரு வீடுகள் ஆகியவற்றைச் சீர்செய்தன. பழைய கலெக்டர் பங்களா ஒரு ஓட்டலாக மாறியது.

காரை மூச்சு விடும்

இப்படிச் சீர்செய்யும்போது எதை வைத்துப் பூசுவது என்பதுதான் பெரிய கேள்வி. நம்மில் பலர் 'சிமெண்டு போட்டால் ஸ்டிராங்' என்போம். எங்கள் சித்தப்பா கொத்தனார். படிக்காதவர். அவர் ஒரே வரியில் சொல்வார்: 'காரை மூச்சு விடும்டா, சிமெண்டு மூச்சை அடைக்கும்.' அதன் அர்த்தம் எனக்கு 'பில்டிங் மெட்டீரியல்ஸ்' பாடம் படித்த பிறகுதான் முழுசாக விளங்கியது.

கடற்கரைச் சுவருக்குள் ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியாக வெளியே ஆவியாகிப் போகும். உப்பு பூச்சிலேயே படிந்து, பூச்சு மட்டும் உதிரும். சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசினால் போதும். அதே சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லை. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, உள்ளிருந்து வெடித்து, செங்கல் பொடிப்பொடியாகும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே மாவு! கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் என்று அந்தக் காலத்தில் கலந்ததெல்லாம் சும்மா இல்லை. இப்போது அந்த வேலை தெரிந்த கை குறைந்துவிட்டது. அதைக் கற்றால் நமக்கு ஒரு பிழைப்பும் உண்டு, கோட்டைக்கு ஆயுசும் உண்டு.

கடல் ஏன் தின்கிறது?

பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசலாம். கரையே போனால் என்ன செய்வது? 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவர் தெருக்களிலும் நூற்றுக்கணக்கில் உயிர் போனது. அது ஒரே நாளில் வந்த அழிவு, எல்லோருக்கும் தெரிந்தது. மண்ணரிப்பு தினம் தினம் நடப்பது. அதனால் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

கடற்கரை மணல் ஒரே இடத்தில் நிற்கிற பொருள் இல்லை. அலை சாய்வாக வந்து மோதும்போது மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் வடக்கு நோக்கி, வடகிழக்கு மழைக்காலத்தில் தெற்கு நோக்கி. பேங்க் கணக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வரவு இருந்தால் செலவைத் தாங்கும். வரவு நின்றால் முதலிலேயே கை வைக்க வேண்டியதுதான்.

நம்ம கரைக்கு வரவு எங்கிருந்து? காவிரியிலிருந்து! டெல்டா முழுக்க காவிரியும் கிளைகளும் கொண்டுவந்து கொட்டியதுதான். குறுவை, சம்பா விளைகிற வண்டலும் அதுதான், கடற்கரை மணலும் அதுதான். 1934 இல் மேட்டூர் அணை வந்தது. அணை இல்லாவிட்டால் நமக்குச் சோறு இல்லை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீரோடு வருகிற மணலில் பெரும்பகுதி தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடும். மிஞ்சியதை ஆற்றிலேயே லாரி லாரியாக அள்ளினால், கடலுக்குப் போய்ச் சேருவது என்ன? நாம் வீடு கட்டுகிற ஆற்று மணல் ஒவ்வொரு லோடும் கடற்கரையின் கணக்கிலிருந்து எடுத்ததுதான்.

இன்னொன்று, குறுக்கே கட்டும் சுவர். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் லாபம், மறுபக்கம் நஷ்டம். கருங்கல் கொட்டுவதும் அப்படித்தான். கல்லுக்குப் பின்னால் இருக்கிற கோயிலும் கோட்டையும் தப்பும். ஆனால் அலை கல்லில் மோதித் திரும்பும்போது முன்னால் இருக்கிற மணலைப் பறித்துக்கொண்டு போகும். மணல் போனால் மீனவர் படகு ஏற்றவும், வலை உலர்த்தவும் இடம் இல்லை. கல் முடிகிற இடத்தில் அடுத்த ஊருக்கு அரிப்பு ஆரம்பிக்கும். அதற்காகக் கல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் 1960-களுக்குப் பிறகு மலிவு விமானம் வந்து, ஜனங்கள் ஸ்பெயின் கடற்கரைக்குப் பறக்க ஆரம்பித்ததும் பல ஊர்கள் படுத்துவிட்டன. வருகிறவர்களை மட்டும் நம்பினால் அதுதான் கதி. தரங்கம்பாடிக்கு வருகிறவர்களும் இரண்டு மணி நேரம் சுற்றி, போட்டோ எடுத்து, பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊர்க்காரருக்கு மிஞ்சுவது பாலிதீன் பை. போகிற நாம் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே மீனும் கருவாடும் வாங்கினால் நாலு குடும்பத்துக்காவது உபயோகம்.

நம் பாடத்தோடு சேர்ந்த யோசனை ஒன்றும் உண்டு. சர்வே பிராக்டிகலுக்கு வருடா வருடம் இதே கிரவுண்டில் செயின் பிடித்து, இதே வேப்பமரத்தை அளக்கிறோம். அதை நூறு தடவை அளந்தாலும் அது நகரப் போவதில்லை! ஒரு நாள், ஒரே ஒரு நாள், டேப்பும் லெவல் கருவியும் எடுத்துக்கொண்டு அனுமதி வாங்கித் தரங்கம்பாடி போவோம். கோட்டையில் ஒரு மூலையையும் கோயிலில் ஒரு மூலையையும் குறித்துக்கொண்டு, அங்கிருந்து அலை ஏறி நிற்கிற கோடு வரை எத்தனை மீட்டர் என்று அளப்போம். வருடா வருடம் அதே மாதம், அதே இடம், அதே முறை. ஒரு வருட எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்து வருட எண் இருந்தால் கரை வளர்கிறதா தேய்கிறதா என்று கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்க் காட்டலாம். மீனவர் சங்கத்துக்கும் கொடுக்கலாம்.

இதற்குப் பெரிய செலவில்லை. பஸ் சார்ஜும் ஒரு வேளைச் சாப்பாடும்தான். பேரவைத் தலைவரும் சர்வே சாரும் மனசு வைத்தால், அடுத்த வருட மலரில் ஒரு பக்கத்தின் மூலையில் அந்த முதல் எண் அச்சாகிவிடும். அதற்கடுத்த எண்ணை நம் ஜூனியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.